அமாவாசையில் மட்டும் தெளிந்த லைன்

உ
சிவமயம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
28.11.2006

அன்பு மகள் குழலிக்கு அம்மா வாழ்த்தி எழுதுவது. ஏகாம்பரநாதர் தயவில் அப்பா, உன் தம்பி, நான் மூன்று பேரும் இங்கே நன்றாக இருக்கிறோம், அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் மழைக்கு மழை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. ராட்டர்டாமில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற என் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் விளக்கேற்றும்போது என் முதல் வேண்டுதல். ஞாயிறு தவறாமல் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இவள் எதற்கு ஸ்டாம்ப் ஒட்டிக் கடிதம் போடுகிறாள் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. நாம் பேசுகிற கம்ப்யூட்டர் இருப்பது முன்ரூமில், மாடியில் இருப்பதையும் அவன்தான் வந்து போட்டுத் தர வேண்டும். அங்கே எந்நேரமும் உன் தம்பி வீரபத்திரன் இருப்பான், நாம் பேசும்போது மட்டும் படத்தில் விழாமல் கதவோரம் போய் நின்றுகொள்வான், காது மட்டும் இங்கேதான் இருக்கும். அவன் இருக்கும்போது இதைச் சொல்ல முடியாது. அக்காவிடம் சொல்லாதே என்று அவனும் கேட்டுக்கொண்டான், மாப்பிள்ளையும் கேட்டுக்கொண்டார். நானும் சரி சரி என்று தலையை ஆட்டினேன். தலையைத்தான் ஆட்டினேன், சத்தியம் ஒன்றும் செய்து கொடுக்கவில்லை.

போன ஞாயிறு நீ அந்தச் செய்தியைச் சொன்னாயே, தையில் வந்து குழந்தை பிறக்கும் வரை நம் வீட்டிலேயே இருந்து இங்கிருந்தே ஆபீஸ் வேலையைப் பார்க்க உன் மேலதிகாரி மரைக்கே அம்மாள் சம்மதித்துவிட்டார் என்று, என் வயிற்றில் பாலை வார்த்தாய் கண்ணு. இந்த இரண்டு மாதமாக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஏழு மாதம் தாண்டினால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், உன் ஆபீசிலோ பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்துதான் லீவு, நடுவில் இருக்கிற நாட்களுக்கு இங்கிருந்து வேலை பார்த்தால்தான் உண்டு, அதற்கும் நம் வீட்டு லைன் லாயக்கில்லை என்று அந்த அம்மாள் கையை விரித்துவிட்டார். தலைப்பிரசவம், அந்தக் குளிரில், ஆள் துணை இல்லாமல் நீ தனியாக எப்படிச் சமாளிப்பாய் என்று நினைத்தாலே எனக்குச் சாப்பாடு இறங்காது. எனக்கு பாஸ்போர்ட்டும் இல்லை, அப்பாவைத் தனியே விட்டுவிட்டு வரவும் முடியாது. இப்போதுதான் மூச்சு சீராக வருகிறது. நீ என்னவோ மரைக்கே அம்மாள் தங்கமானவர், மனசு இளகிவிட்டார் என்று சொன்னாய். அவர் தங்கமானவராகவே இருக்கட்டும். ஆனால் அந்தத் தங்கம் தானாக உருகவில்லை, உருக்கியது உன் தம்பி. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆடியில் நடந்தது உனக்கு மறந்திருக்காது. கல்யாணமான முதல் ஆடி என்று உன்னை அழைத்து வந்தோம், அத்தனை நாள் லீவு கிடைக்காது, அங்கிருந்தே வேலை பார்க்கிறேன் என்று ஆபீசில் சொல்லிவிட்டு நீயும் வந்தாய். பகல் சாப்பாடு முடிந்ததும் மாடி ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு காதில் மாட்டுகிறதை மாட்டிக்கொண்டு உட்காருவாய். கீழே இவன் புடவைக் கரைக்கும் முந்தானைக்கும் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டு பெங்களூர் கடைக்காரருக்கு அனுப்பிக்கொண்டிருப்பான். நீ பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் குரல் அறுந்து அறுந்து போகும், எதிரில் இருப்பவர் முகம் படத்தில் அப்படியே உறைந்து நிற்கும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள், உனக்கு மணியோசையும் வரவில்லை, யானையும் வரவில்லை. நாமும் செய்யாத வைத்தியம் இல்லை. ஒயரை மாற்றினோம், லைன்மேனைக் கூப்பிட்டுக் கம்பத்தில் ஏற்றினோம், ரவுட்டரைக் கொண்டுபோய் சாமி அலமாரியில் வைத்தோம், அப்பா பெரிய பிளானுக்குக் கூட எழுதிக் கொடுத்தார். அதற்கப்புறம் பாட்டும் படமும் நிமிஷத்தில் இறங்கின, உன் பேச்சு மட்டும் பழையபடியே சிக்கிக்கொண்டது. கடைசியில் மரைக்கே அம்மாளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் போய், நீ படபடவென்று மாடியிலிருந்து இறங்கி வந்து, நான் பேசும்போதெல்லாம் லைன் போவுது, நீ இங்க குந்திக்கினு ஒயர புடுங்குறியா, நான் படிச்சு வெளிநாடு போனது உனக்குப் பொறுக்கல என்று கேட்டுவிட்டாய். சாமி சத்தியமா நான் எதையும் தொடல, இது என் தொழில் நடக்கிற இடம், உன் ஆபீசு இல்ல என்று அவனும் எழுந்து நின்றுவிட்டான். நீ ஊருக்குப் போன அன்று வேலை இருக்கிறது என்று சொல்லி ஏர்போர்ட்டுக்கும் வராமல் இருந்துவிட்டான். அன்றிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பெற்றதே இரண்டு, அந்த இரண்டும் இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டால் எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்.

இதற்கு நடுவில் உன் அப்பாவின் கண்டுபிடிப்பு வேறு. நீ இங்கே இருந்த நாட்களில் ஒரே ஒரு நாள்தான் பேச்சு தெளிவாகக் கேட்டது, அது ஆடி அமாவாசை. காலையில் சர்வதீர்த்தக் குளத்தில் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்து காக்கைக்குச் சாதம் வைத்துவிட்டு மனுஷர் நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருக்கிறார், மாடியில் நீ தடையில்லாமல் பேசிச் சிரிப்பது கூடம் வரை கேட்கிறது. முன்னோருங்க இன்னிக்கு பூமிக்கு வந்துக்கினு இருக்காங்க, எந்தத் தடையும் முன்னால நிக்காது என்றார். நீ ஊருக்குப் போன பிறகு ஆவணி அமாவாசையன்று கூப்பிடச் சொன்னார், அன்றும் கண்ணாடி மாதிரி இருந்தது. அவ்வளவுதான், அவரைப் பிடிக்க முடியவில்லை. உன் ஆபீசர் அம்மாவிடம் இனிமேல் மீட்டிங் எல்லாம் அமாவாசைக்கு வைத்துக்கொள்ளச் சொல் என்று உனக்கு மெயில் போடச் சொல்லி இவனை உட்கார வைத்தார், இவன் தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் நீ எஞ்சினியர் பெண், நீயும் பாதி நம்பினாய், இல்லை என்று சொல்லாதே. உண்டாகியிருப்பது தெரிந்து, இங்கிருந்து வேலை பார்க்க இன்னொரு வாய்ப்பு கேட்டபோது, லைனைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மரைக்கே அம்மாள் சொன்னாரே, அதற்கு நீ குறித்துக் கொடுத்த நாள் மகாளய அமாவாசைதானே.

அந்த நாள் இங்கே நடந்ததைச் சொல்கிறேன் கேள். நானும் அப்பாவும் குளித்து முழுகி, அப்பா புது வேட்டி, நான் மாம்பழ நிறப் பட்டு, உன் மாடி ரூமில் நீ விட்டுப்போன கம்ப்யூட்டருக்கு முன்னால் பெண் பார்க்க வந்தவர்கள் போல உட்கார்ந்திருந்தோம். அந்தப் பக்கம் நீயும் மரைக்கே அம்மாளும். வணக்கம் சொல்லி முடிக்கவில்லை, போயிற்று. அவர் முகம் பாதி வாய் திறந்தபடி நின்றுவிட்டது. திரும்ப வந்தது, திரும்பப் போயிற்று. கடைசியில் அவர் எழுந்து போனபின் நீ அழுதாய், அந்த அழுகைகூட எங்களுக்கு விட்டு விட்டுத்தான் வந்து சேர்ந்தது. பெற்ற மகள் அழுவது முழுசாகக் கூடக் கேட்கவில்லையே என்று நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கீழே இறங்கினேன். இறங்கியவள் முன்ரூமைப் பார்த்தேன். கதவு ஒருக்களித்திருந்தது, உள்ளே வீரபத்திரன் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அமாவாசை, நம் தெருவில் ஒரு தறிச் சத்தம் கிடையாது, பின்கட்டில் அப்பாவின் தறியும் மூடிக் கிடக்கிறது, இவன் மட்டும் தீபாவளி அவசரம் என்று பெங்களூர்க்காரருக்காக யாருக்கும் தெரியாமல் வேலையை எடுத்திருக்கிறான். அப்பா பின்னாலேயே வந்தார், பார்த்தார், குதித்தார். அமாவாசையில தொழில் செஞ்சா இப்படித்தான் ஆவும், பெரியவங்க கோச்சிக்கினு போயிட்டாங்க என்றார்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது குழலி. ஆடி அமாவாசையிலும் ஆவணி அமாவாசையிலும் இவன் கம்ப்யூட்டரைத் தொடவில்லை, நம் ஜனத்துக்கு அன்று தொழிலுக்கு லீவு. லைன் தெளிவாக இருந்தது. இந்த அமாவாசையில் தொட்டான், லைன் கெட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, நாம் அமாவாசையைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறோம். முன்னோர் பாவம், அவர்களை ஏன் இதில் இழுக்க வேண்டும். மறுநாளே இவனை உட்கார வைத்து, உன் நீலாம்பாள் சித்தியை பெங்களூரிலிருந்து மாடிக் கம்ப்யூட்டரில் கூப்பிட வைத்தேன். அவள் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள், இந்த வேலைக்கு அவளைவிடப் பொருத்தமான ஆள் ஏது. நான் மாடிப்படியிலிருந்து அனுப்புடா என்பேன், இவன் கீழே டிசைனை அனுப்புவான், சித்தி குரல் உடனே கிணற்றுக்குள் போய்விடும். நிறுத்துடா என்பேன், சித்தி மருமகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த இடத்துக்கு எங்கேயோ நடுவில் வந்து சேர்வாள். திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம், ஒரு தடவைகூடப் பிசகவில்லை. இவன் கீழே அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டான். நான்தான் மா, நான்தான் இத்தினி நாளா அறுத்துக்கினு இருந்திருக்கேன் என்றான். முகம் செத்துவிட்டது. வேண்டுமென்று செய்தாயா என்று கேட்டேன், இல்லை என்றான். அப்புறம் என்ன, எழுந்து சரி செய் என்றேன். எனக்கு உள்ளுக்குள் அழுகையாக வந்தது, துக்கத்தினால் இல்லை. நீ சொன்னதும் பொய் இல்லை, அவன் சொன்னதும் பொய் இல்லை என்று தெரிந்ததே, அதனால்.

அது என்ன கோளாறு என்று மாப்பிள்ளைக்குப் போன் போட்டுக் கேட்டும், தானே படித்தும் தெரிந்துகொண்டு எனக்கும் சொன்னான். எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன், நீ படித்தது துறைமுகம் கட்டுகிற படிப்பு, உனக்கும் இது புதிதாகத்தான் இருக்கும். நம் வீட்டுக்குள் வருகிற வழி அகலமாம், வெளியே போகிற வழி குறுகலாம். அப்பா வாங்கிய பெரிய பிளான் வருகிற வழியை அகலமாக்கியதே தவிர போகிற வழியைத் தொடவில்லை. நம் பேச்சும் இவன் டிசைனும் பொடிப்பொடித் துண்டுகளாகி அந்தக் குறுகலில்தான் வெளியே போக வேண்டும். இவன் டிசைன் பெரியது, அதன் துண்டுகள் மொத்தமாக வந்து முன்னால் நின்றுகொள்ளும். ரவுட்டரில் துண்டுகள் காத்திருக்க இடம் கொஞ்சம்தான், நிரம்பிவிட்டால் அப்புறம் வருவதைத் தூக்கிப் போட்டுவிடுமாம். டிசைனில் விழுந்த துண்டை மறுபடி அனுப்பிக்கொள்ளலாம், அதனால் இவனுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பேச்சில் விழுந்த துண்டை அப்புறம் அனுப்பி என்ன பயன், பேசுகிறவள் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பாள். அந்தப் பக்கத்திலிருந்து வருவதற்கும் வந்து சேர்ந்தது என்று இங்கிருந்து பதில் போக வேண்டுமாம், அது போகாததால் வருகிற பேச்சும் படமும் சேர்ந்து நின்றுவிடுமாம். நம் தெருவில் காலையில் தறிக்குப் பாவு நூலை நீளமாக நீட்டிக் கஞ்சி போடுகிறார்களே, அந்தக் கதைதான். தெரு முழுக்க அடைத்து நீட்டினால் பால்காரரும் பள்ளிக்கூட ஆட்டோவும் முனையில் நிற்க வேண்டியதுதான்.

சரி செய்தது ஒரே நாளில் ஆகவில்லை. முதலில் ரவுட்டருக்குள் எங்கேயோ போய், பேச்சுக்குத்தான் முதல் மரியாதை என்று எழுதி வைத்தான். சித்தியைக் கூப்பிட்டோம், கொஞ்சம் தேவலாம், ஆனாலும் அறுந்தது. இதற்கு நடுவில் ஆயுத பூஜை வந்து, உன் அப்பா பக்தியோடு ரவுட்டருக்குச் சந்தனம் அப்பியதில் அது மூச்சு விடுகிற ஓட்டை எல்லாம் அடைத்துக்கொண்டு அடுப்பு மாதிரி கொதித்தது, பல் குத்தும் குச்சியால் ஓட்டை ஓட்டையாக எடுத்தோம். பிறகு மாப்பிள்ளை சொன்னாராம், வரிசையை ரவுட்டரில் பிடித்தால் போதாது, டிசைன் போகிற வேகத்தையே லைன் தாங்குவதற்குக் கொஞ்சம் கீழே கட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் கூட்டம் அதற்கு அப்பால் போய் அடைத்துக்கொள்ளும் என்று. இவன் அப்படியே செய்தான். தெரு ஓரமாக ஒரு சைக்கிள் போக வழி விட்டுப் பாவு நீட்டுகிற மாதிரி. அதனால் இவன் டிசைன் போய்ச் சேரத் தாமதமாகிறது, பெங்களூர்க்காரர் சத்தம் போடுகிறார், காத்துக்கினு இருக்கட்டும் என்கிறான். அன்று சித்தி மூச்சு விடாமல் மருமகள் புராணம் முழுவதையும் சொல்லி முடித்தாள், ஒரு எழுத்து விழவில்லை. மருமகள் மேல் தப்பில்லை என்பதும் அப்போதுதான் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

இப்போது முக்கியமானதைக் கேள். மாப்பிள்ளை உன் ஆபீசிலேயே இருப்பது எவ்வளவு சௌகரியம் பார், அவர் மரைக்கே அம்மாளைத் தனியாகப் பார்த்து இன்னும் ஒரே ஒரு தடவை என்று கேட்டிருக்கிறார். மறுபடி லைன் கெட்டால் நீ தாங்க மாட்டாய் என்று உன்னிடம் மூச்சு விடவில்லை. இங்கே யார் பேசுவது என்ற பேச்சு வந்தபோது நானே பேசறேன் என்றான் வீரபத்திரன். அவன் இங்கிலீஷ் உனக்குத் தெரியும், ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பிடித்து நட்டு வைப்பான். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு மாடிக்குப் போவதற்கு முன்னால், கீழே தன்னிடம் இருப்பதிலேயே பெரிய முந்தானை டிசைனை அனுப்பத் தட்டிவிட்டுப் போனான். எதற்குடா இந்த வீம்பு, இன்றைக்காவது நிறுத்தி வை என்றேன். அக்கா வந்து உக்காந்தப்புறம் என் தொழில நான் நிறுத்தப் போறதில்ல மா, ரெண்டும் ஒண்ணா போவுதான்னு அவங்க பாக்கட்டும் என்றான். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். நான் கதவோரம் நின்றேன், இந்தத் தடவை கதவோரம் என் முறை. எனக்குப் புரிந்தது சிஸ்டர், பேபி என்ற இரண்டு சொற்கள்தான், அவை திரும்பத் திரும்ப வந்தன. அந்த அம்மாள் முகம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. கடைசியில் சிரித்துக்கொண்டே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். இவன் இறங்கி வந்து சமையலறையில் ஒரு சொம்பு தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டு, ஒத்துக்கினாங்க மா, அக்காகிட்ட சொல்லாத என்றான். ஏன்டா என்றதற்கு, உதவி செஞ்சேன்னு பேச வேணாம், பேசணும்னு தோணினா பேசட்டும் என்றான். உன் தம்பிதான், ரோஷத்தில் மட்டும் யாருக்கும் குறைந்தவன் இல்லை, உனக்கும்தான்.

மாடி ரூமுக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறோம், ஜன்னலுக்குக் கொசுவலை போட்டாயிற்று. இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, குமட்டுகிறது என்று தட்டிக் கழிக்காதே. அந்தக் குளிரில் வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு ஓடாமல் ஒரு வேளையாவது சூடாகச் சோறு சாப்பிடு. வளையல்காரரிடம் சொல்லி வைத்துவிட்டேன், மாசியில் நல்ல நாள் பார்த்து வளைகாப்பு. மாப்பிள்ளைக்கு நான் நன்றி சொன்னேன் என்று மட்டும் சொல், எதற்கு என்று அவருக்குத் தெரியும்.

டிக்கெட் விஷயமாக அப்பா ஒன்று எழுதச் சொன்னார். தை அமாவாசை ஜனவரி பத்தொன்பதாம் தேதி வருகிறது, அன்று நீ வந்து இறங்கினால் முன்னோர் ஆசீர்வாதம் வயிற்றுப் பிள்ளைக்கும் சேரும் என்கிறார். இத்தனை நடந்தும் அவர் தன் கட்சியை விடவில்லை. நானும் அன்றைக்கே வா என்றுதான் சொல்வேன், என் காரணம் வேறு. அன்று தறியும் ஓடாது, முன்ரூம் கம்ப்யூட்டரும் ஓடாது, வேலை இருக்கிறது என்று சொல்லி வீட்டோடு நின்றுவிட ஒருவனுக்கு வழி இருக்காது. அதைக்கூட நான் சொல்ல வேண்டியதில்லை போலிருக்கிறது. நேற்று அவன் பெங்களூர்க்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. தை அமாவாசைக்கு எந்த வேலையும் எடுக்க மாட்டேன் சார், மீனம்பாக்கம் போவணும், எங்க அக்கா வருது என்றான். நீ இன்னும் டிக்கெட்டே வாங்கவில்லை.

ஏகாம்பரநாதரும் காமாட்சி அம்மாளும் உங்கள் மூவருக்கும் துணை இருக்கட்டும், தாயும் பிள்ளையும் நல்லபடி பிரிந்து நான் கண்ணாரப் பார்க்க வேண்டும். ஞாயிறு கூப்பிடும்போது நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதே. கதவோரம் நிற்பவனை, தம்பி, இப்படி வந்து உட்கார் என்று மட்டும் சொல். லைன் அறுக்காது.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
த. மங்கையர்க்கரசி